நோய் தீராத சப்பாத்து

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். சப்பாத்துத் தைக்கும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பாஸ், அவருடைய மனைவி நோனா, மோதிரம் மாற்றக் காத்திருந்த அவர்களுடைய மகள், பாஸின் தங்கை சின்ன நோனா, நோனாவின் தம்பி. திருகோணமலையிலிருந்து முதல்நாளே ரயிலில் வந்து இறங்கிவிட்ட மாப்பிள்ளை, அவருடைய தாய், தகப்பன். பாஸுக்குத் தோல் கொடுக்கும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி காக்கா. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள்: அப்பா, அம்மா, கிரானிலிருந்து தயிர்ச்சட்டிகளோடு வந்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட என் மாமா, நான்.

நான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஆட்களை எண்ணுகிற வியாதி உண்டு. தோணியில் ஏறினாலும் எண்ணுவேன், கோயிலில் இறங்கினாலும் எண்ணுவேன். திரும்பிவரும்போது ஒருவர் குறைந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அன்றைக்குப் பதின்மூன்று வந்தது. அதே நேரத்தில் மாப்பிள்ளையின் தாயும் கண்ணாலேயே எண்ணி முடித்துவிட்டுச் சட்டென்று நெஞ்சில் சிலுவை போட்டார்.

"பதின்மூண்டு பேர் கூடின வீட்டுலயா மோதிரம் மாத்துற?"

பவுடர் பூசிய அவ்வளவு பெரிய முகத்தில் என்னுடைய பயத்தையே கண்டது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

ஆனால் என் பெரிய பயம் வேறு. அது அந்த வீட்டு முன்ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகைத் தட்டில் இருந்தது.

பழுதுபார்க்க வந்த சப்பாத்துகளெல்லாம் அந்தத் தட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களைப்போல வாய் திறந்தபடி கிடக்கும். மேல்தட்டில் தனியாக ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. அது கிளாக்கர் ஐயாவுடையது. கிளாக்கர் ஐயா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெரியவர்; யாழ்ப்பாணத்தவர்; தனியாள்; எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அறை எடுத்திருந்தார். அப்பா அவருக்குக் கீழே பியோன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வரும்போது அப்பாவின் கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய அந்தச் சப்பாத்து இருக்கும். அதை வேலியைக் கடந்து கொண்டுபோய் ஜன்னல் வழியாகச் சின்ன நோனாவிடம் கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்னேர மணி அடிக்கும்போது கிளாக்கர் ஐயா தானே நடந்துவந்து அதே ஜன்னலில் வாங்கிக்கொண்டு போவார். திங்கட்கிழமை அது கச்சேரிக்குப் போகும். அடுத்த சனிக்கிழமை மறுபடி நோயாகிவிடும்.

ஒரு கிழமை குதி ஆடுகிறது என்பார். மறு கிழமை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்பார். பாஸ் அதைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்.

"இதுக்கு என்ன வருத்தமெண்டு எனக்கு விளங்குதில்ல. என்ன விட நல்ல சுகமா இருக்கு."

"குடுங்க, நான் பாக்கிறன்" என்று சின்ன நோனா வாங்கிக்கொள்வார். மேல்தோல் தைக்கிற மெசின் அவருடையது. வேறு யாருடைய சப்பாத்துக்கும் அவர் பொலிஷ் போட்டு நான் கண்டதில்லை.

அந்தச் சப்பாத்தை முதல்முதலாக என் கையில் தந்தபோது அம்மா சொல்லியிருந்தார்: "பாத்துக் கொண்டு போ புள்ள. ஒரு கீறல் விழுந்தாலும் அப்பாட வேல போயிரும்." நான் ஓடாமல் நடக்கவேண்டும் என்பதற்காக அம்மா சும்மா சொன்ன சொல் அது. நான் அதைக் கச்சேரிச் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். சப்பாத்துக்கு இப்படி அடிக்கடி நோய் வருகிறதே, ஒருநாள் தீராமலே போய்விட்டால் நாங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வோம் என்று சனிக்கிழமை இரவுகளில் எனக்கு நித்திரை வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது, வாவி விடவில்லை. ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர். அக்கரையிலிருந்து வரவேண்டிய பறங்கிக் குடும்பங்கள் ஒன்றுமே வரவில்லை. வாத்தியக்காரரும் வரவில்லை. ஆனாலும் பாஸ் விடுகிறவரல்லர். தளபாடங்களையெல்லாம் அப்பாவும் அவரும் பின்விறாந்தைக்கு இழுத்துப் போட்டார்கள். சீமெந்து நிலத்தில் மெழுகுதிரியைச் சீவித் தூவி, கோணிச் சாக்கால் தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள். வயலினைப் பாஸே எடுத்துக்கொண்டார். தோல் கொண்டுவந்து மழைக்கு ஒதுங்கியிருந்த காக்காவின் மடியில் றபான் என்கிற தோல் மேளத்தை வைத்தார்.

"எனக்கு உங்கட பாட்டுத் தெரியாதே பாஸ்."

"உங்கட ஊட்டுக் கலியாணத்துல அடிக்கிற மாதிரி அடிங்க காக்கா. தோல் உங்கட தோல்தானே."

"அப்ப சரி" என்று காக்கா தொப்பியை இறுக்கிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நோனா லவ் கேக்கை வெட்டப் போனபோதுதான் மாப்பிள்ளையின் தாய் வாயைத் திறந்தார். அவர்கள் குடும்பத்தில் மோதிரம் மாற்றுவதற்கு முன் லான்சர்ஸ் ஆடியாக வேண்டுமாம். லான்சர்ஸ் என்பது நாலு சோடி சதுரமாக நின்று ஆடுகிற ஆட்டம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒரு சோடி. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் ஒரு சோடி. நோனாவுக்கு அவருடைய தம்பி. சின்ன நோனாவுக்குத்தான் ஆள் இல்லை. அவருக்கென்று வைத்திருந்த உறவுக்காரர் அக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு பேரோட ஆடுவமே" என்றார் நோனா.

"ஏழு பேர் ஆடினா அது லான்சர்ஸ் இல்ல, ஒப்பாரி. தண்ணி வத்தட்டும். நாங்க மாசிக்கு வாறம்."

மாசிக்கு என்றதும் பொம்பிளையின் முகம் அழுகைக்குத் தயாரானது. நோனாவின் கையில் இருந்த கத்தி லவ் கேக்கில் குத்தியபடியே நின்றது. அப்பாவைக் கேட்டார்கள். "நான் கச்சேரியில நிக்கிறவன், எனக்கு நிக்கத்தான் தெரியும்" என்று அப்பா பின்விறாந்தைப் பக்கம் மறைந்துவிட்டார். காக்கா றபானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது என் அம்மா, கேட்காமலேயே, பெருமையோடு சொன்னார்:

"என்ட தம்பி இருக்கான்தானே. கூத்துக்காரன். கிரான்ல போய்க் கேட்டுப் பாருங்க, அவன் களரியில ஏறினா வயல்வட்டைக் காவல்காரனும் காவல விட்டுட்டு வந்து நிப்பான்."

மாமா வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். அம்மா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் மாமா ஒருநாளும் கூத்தில் ஆண்வேடம் கட்டியதில்லை. மீசை முளைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதை மழித்துவிட்டுத் திரௌபதிதான். அதை அம்மா மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

பாஸின் பார்வை மாமாவின் தலையிலிருந்து கீழே இறங்கிவந்து காலில் நின்றது. வயல் சேற்றிலேயே வளர்ந்த வெறுங்கால்.

"சப்பாத்துக்காரன்ட வீட்டுல வெறுங்காலோட லான்சர்ஸா? நாளைக்கு ஊர் சிரிக்கும். மறுகா நான் கடைய மூடிப்போட்டு றால் பிடிக்கப் போகத்தான் சரி."

தட்டில் இருந்த சப்பாத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் மாமாவின் பெருவிரல் மட்டும் போனது. இன்னொன்றில் கால் போய்விட்டது, வரவில்லை; இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அப்போது சின்ன நோனா கையை நீட்டி மேல்தட்டிலிருந்து அந்தக் கறுப்புச் சோடியை எடுத்தார்.

"இது வரும்."

"அது கிளாக்கர் ஐயாட!" என்று கத்தினேன். வெளியே வந்தது ஒரு கீச்சொலிதான்.

"தெரியும் புள்ள" என்றார் சின்ன நோனா. பட்டுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, தானே மாமாவின் காலில் நாடாவைக் கட்டினார். "ஆடட்டும். நேத்திலிருந்து சும்மாதானே கிடக்கு."

இப்படியும் ஒரு பெண் பிறந்திருப்பாளா என்று நினைத்தேன். பின்னேர மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. ஜன்னலில் ஏறி உட்கார்ந்து ஒழுங்கையைப் பார்த்தேன். இவ்வளவு வெள்ளத்தில் ஒரு சோடிச் சப்பாத்துக்காக யார் வருவார்கள், வரமாட்டார், வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாஸ் வயலினைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். காக்காவின் றபான் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆட்டம் எது என்பதைப் பாஸ் வாசித்தபடியே அவர்களுடைய பறங்கிப் பாஷையில் கூவுவார். ஏழு பேருக்கு அது விளங்கியது. மாமாவுக்கு விளங்கவில்லை. ஆகையால் அவர் உடம்புக்குத் தெரிந்ததைச் செய்தார்.

முதலில் சோடிக்குச் சோடி வணக்கம். ஆண்கள் குனிந்தார்கள். பெண்கள் பாவாடையை இரண்டு விரலால் பிடித்து முழங்காலை மடக்கினார்கள். மாமாவும் இல்லாத பாவாடையை இரண்டு விரலால் பிடித்து முழங்காலை மடக்கினார். அவ்வளவு நளினமாகப் பொம்பிளைகூடச் செய்யவில்லை.

அடுத்ததாகப் பெண்கள் நடுவுக்குப் போய்க் கைகோர்த்துச் சுற்ற வேண்டும். மாமாவும் போனார். நடுவில் ஐந்து பெண்கள், வெளியே மூன்று ஆண்கள் என்று கணக்கு மாறிப்போனது. சின்ன நோனா அவருடைய தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார். அவர் அதையும் ஆட்டத்தில் ஒரு பாகம் என்று எண்ணி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் காலையிலிருந்தே கொஞ்சம் 'போட்டுக்கொண்டு' இருந்தவர். தன் பங்குக்கு வந்த கையைப் பிடித்துச் சுழற்றி, இடுப்பை வளைத்து, முகத்தைப் பார்த்தபோதுதான் அது மாமா என்று கண்டார். ஆனாலும் விடவில்லை.

"இது ஆர், ஆம்பிளையா பொம்பிளையா?" என்று மாப்பிள்ளையின் தாய் ஆடிக்கொண்டே கேட்டார்.

"நல்லா ஆடுறா, பேசாம இரு!" என்றார் தகப்பன்.

எல்லோரும் சிரிப்பில் மூச்சுத் திணறினார்கள். நான் மட்டும் மாமாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி அடித்தது. திரும்பி ஒழுங்கையைப் பார்த்தேன்.

கிளாக்கர் ஐயா வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் இரண்டு றப்பர் செருப்புகள். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, தண்ணீருக்குள் கொக்குப்போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வந்தார். சப்பாத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் வழக்கம்போல ஜன்னலுக்குத்தான் வந்தார். ஜன்னலில் நான். "பிள்ளை, சப்பாத்து..." என்று தொடங்கியவர் என் தலைக்கு மேலால் உள்ளே பார்த்துவிட்டார். அவருடைய சப்பாத்து சின்ன நோனாவோடு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா பற்றிஸ் பலகாரத் தட்டோடு பின்னாலிருந்து வந்தார். ஜன்னலில் ஐயாவைக் கண்டார். ஐயா பார்க்கிற இடத்தைப் பார்த்தார். மாமாவின் காலைக் கண்டார். தட்டை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, கச்சேரியில் பெரிய துரை வந்தால் நிற்பதுபோல விறைத்து நின்றுவிட்டார். அவர் தனக்கு நிற்கத் தெரியும் என்று சொன்னது உண்மைதான்.

மாமாவுக்கு இது ஒன்றும் தெரியாது. ஜன்னலில் புதிதாக ஒருவர் வந்து பார்க்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. கூத்துக்காரனுக்குச் சபையில் ஒரு தலை கூடினால் போதும். திரௌபதி சபைக்கு வருகிற வரவு ஆட்டத்தை எடுத்துவிட்டார். தாம் தீம் என்று இரண்டு அடி முன்னே, ஒரு சுற்று, பிறகு குதியால் ஓங்கி ஒரு மிதி.

வலதுகால் சப்பாத்தின் குதி கழன்று பறந்தது. நேரே போய்க் காக்காவின் றபானில் 'டொம்' என்று விழுந்தது. காக்கா அதைத் தாளமாகவே எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு டொம் சேர்த்து அடித்த பிறகுதான் மடியைப் பார்த்தார்.

"அல்லாவே, இது என்னத்த எறிஞ்ச?"

வயலின் நின்றது. மாமா ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் நின்றார். எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

"அப்பாட வேல போயிற்று!"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கிளாக்கர் ஐயா குடையை மடக்கினார். கதவால் சுற்றி உள்ளே வந்து, மெழுகு பூசிய நிலத்தில் ஈரக்காலை வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பாஸ் வயலினை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், அதுதான் குற்றம் செய்ததுபோல.

"ஐயா, அது வந்து... குதி ஆடுதெண்டு நீங்களே சொன்னீங்கதானே..."

"ஓம். ஆடுது எண்டுதான் சொன்னனான்" என்றார் ஐயா. "இவ்வளவு வடிவாய் ஆடுமெண்டு எனக்குத் தெரியேல்லை."

சின்ன நோனா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் இன்னும் கூட அழுதேன்.

மாப்பிள்ளையின் தாய்க்குச் சப்பாத்தும் விளங்கவில்லை, கச்சேரியும் விளங்கவில்லை. அவர் வந்தவரை எண்ணினார். "பதின்னாலு" என்றார் நிம்மதியாக. பிறகு, "ஆட்டம் பாதியில நிக்குது. பாதியில விட்டாலும் தரித்திரம்தான்" என்றார்.

கிளாக்கர் ஐயா சுவரோரமாக நடந்துபோய் மாமாவின் முன்னால் குந்தினார். "தம்பி, கழட்டும்." மாமா கழற்றிக் கொடுத்தார். ஐயா காலைத் துடைத்துவிட்டுத் தன் சப்பாத்தைத் தானே போட்டுக்கொண்டார். ஒன்று குதியோடு, ஒன்று குதியில்லாமல். எழுந்துபோய்ச் சின்ன நோனாவுக்கு முன்னால் குனிந்தார். சின்ன நோனா முழங்காலை மடக்கினார்.

"ஐயாவுக்கு லான்சர்ஸ் தெரியுமா?" என்றார் பாஸ்.

"ஞாயிற்றுக்கிழமைகளில நீங்கள் ஆடிப் பழகேக்கை உந்த ஜன்னலில நிண்டு பாத்தனான்."

அவருக்கு ஒரு அடிகூடப் பிசகவில்லை. பாஸ் பறங்கிப் பாஷையில் கூவி முடிக்குமுன்பே அந்த இடத்துக்குப் போய்விடுவார். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவார், காற்றில் தோணி ஆடுவதுபோல. சின்ன நோனாவும் அவருக்குச் சரியாக ஏறி இறங்கினார். மாப்பிள்ளையின் தாய்க்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "யாழ்ப்பாணத்தில இப்பிடித்தான் ஆடுற போல" என்று புருசனையும் பிடித்து ஏற்றி இறக்கத் தொடங்கினார். கடைசிச் சுற்றில் எட்டுப் பேருமே நொண்டினார்கள். காக்கா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். ஓரத்தில் நின்ற மாமா வெறுங்காலோடு திரௌபதியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அம்மா அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பெருமையில்.

மோதிரம் மாற்றினார்கள். அப்பா தட்டை இறக்கிவைத்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. பாஸ் உடனே குதியைத் தேடி எடுத்து, புது ஆணி அடித்து, அடித்தோலும் மாற்றினார்.

"இண்டைக்குத்தான் முதல் தரமா இதுக்கு உண்மையா ஒரு வேல செஞ்சன். ஒண்டேகால் ரூபா."

மாமா மடியைத் தடவினார். கிளாக்கர் ஐயா கையைக் காட்டித் தடுத்தார். "சப்பாத்து என்ர. நான்தான் தரவேணும்." சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். "சில்லறை இல்லை. நாளைக்கு வந்து தாறன்."

தட்டியபோது பைக்குள் காசு சிணுங்கியது எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற சின்ன நோனாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஓம், நாளைக்குத் தாங்க. மறந்திராதீங்க" என்றார் அவர்.

அப்பாவின் வேலை போகவில்லை. ஆனால் எனக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. மறுநாள் திங்கட்கிழமையாக இருந்தும் ஐயா வந்தார். காசை அறையில் மறந்துவிட்டாராம். அதற்கு அடுத்தநாள் வந்தார். பத்து ரூபா நோட்டுத்தான் இருந்ததாம். பிறகு சனி ஞாயிறு என்றில்லாமல் நாள்தோறும் வந்து ஜன்னலில் நின்று, காசு தராமல் நெடுநேரம் கதைத்துவிட்டுப் போவார். கச்சேரியில் சம்பளம் வாங்குகிற ஒருவர் ஒரு தையல்காரப் பெண்ணை இப்படி ஏமாற்றுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஐயா, ஒண்டேகால் ரூபா!" என்று நினைவூட்டுவேன். அவர் எனக்கு ஒரு டொபி தருவார்.

"உமக்கு நல்ல ஞாபகம் பிள்ளை. ஆனால் கொஞ்சம் மெதுவாய்ச் சொல்லும்."

அப்பாவிடம் முறையிட்டேன்: "காச வச்சிக்கொண்டு இல்லையெண்டு பொய் சொல்றார்." அப்பா என் வாயைப் பொத்தினார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் மீன் கரிந்தது. அந்த வருடத்தோடு, ஐந்தாம் வகுப்பில், என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். அதனால் பகலெல்லாம் வேலியோரம் நின்று இந்தக் கடனைக் கவனிக்க எனக்கு நேரமும் நிறைய இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சின்ன நோனாவிடமே கேட்டேன்: "நீங்க ஏன் அவரோட சண்டை பிடிக்கிற இல்ல?"

அவர் மெசினை நிறுத்தாமல், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சொன்னார்:

"காசத் தந்திட்டா மறுகா என்னத்துக்கு வருவார் புள்ள?"

அது நல்ல வியாபாரப் புத்தி என்று எனக்குப் பட்டது. வாடிக்கைக்காரர் கைவிட்டுப் போகாமல் இருக்கக் கொஞ்சம் கடனில் கட்டி வைத்திருக்கிறார், கெட்டிக்காரிதான் என்று மெச்சிக்கொண்டு வந்து அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வாடிக்கைக்காரர் கைவிட்டுப் போகவில்லை. அடுத்த வருடம் அதே கூடத்தில், அதே மெழுகு பூசிய நிலத்தில், காக்கா றபான் அடிக்க, ஐயாவும் சின்ன நோனாவும் மோதிரம் மாற்ற லான்சர்ஸ் நடந்தது. இப்போது தன்னாமுனையில் இருக்கிறார்கள். நான் போகிற போதெல்லாம் சின்ன நோனா வாசலிலேயே நின்று, "இன்னும் தரல்ல புள்ள" என்று முறையிடுவார். உள்ளேயிருந்து கிளாக்கர் ஐயா சட்டைப்பையைத் தட்டுகிற சத்தம் கேட்கும். சில்லறை இல்லையாம்.

ஒன்றேகால் ரூபா.